வரி பூஜ்யம், ஆனாலும் லாரி நிற்கிறது

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தோடு பிரிட்டனுக்கு வரியே இல்லாத வணிக ஒப்பந்தம் இருக்கிறதே, அப்புறம் ஏன் பிரெக்ஸிட்டால் நஷ்டம் என்று புலம்புகிறார்கள்? நஷ்டம்தான் என்றால் திரும்பப் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதானே?

நான் இங்கிலாந்தின் தென்கிழக்கில் கென்ட் பக்கம் ஒரு கிளியரிங் அலுவலகத்தில், ஏற்றுமதி இறக்குமதிக் காகிதங்களை முடித்துக்கொடுக்கும் இடத்தில், வேலை பார்க்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் பல வருடம் ஷிப்பிங் பில்லும் பில் ஆஃப் என்ட்ரியும் போட்டுப் பழகிய கை. 2021க்குப் பிறகு இங்கே இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் திடீரென்று கிராக்கி வந்தது, நானும் வந்து சேர்ந்தேன். அதனால் முதலில் என் மேசையிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன். பிறகு அரசியலுக்கு வரலாம்.

எங்களிடம் ஒரு சின்ன சீஸ்காரர் வருவார். சொந்தப் பண்ணை, நான்கைந்து ஆட்கள். பிரான்ஸில் ஒரு கடைக்கு மாதம் மூன்று பேலட் அனுப்புவார். சுங்க வரி ஒரு பென்னி கூடக் கிடையாது. 2020 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் எட்டப்பட்ட ஒப்பந்தம் அதை உறுதிசெய்திருக்கிறது. ஆனால் அந்தப் பூஜ்யத்தைப் பெறுவதற்கே ஒரு காகிதம் வேண்டும். இது பிரிட்டனில் உருவான சரக்குதான், வேறெங்கிருந்தோ வாங்கி லேபிள் ஒட்டியதல்ல என்ற உறுதிமொழி. அதற்கு மேல் இந்தப் பக்கம் ஏற்றுமதி அறிவிப்பு, அந்தப் பக்கம் இறக்குமதி அறிவிப்பு. பால் பொருள் என்பதால் சுகாதாரச் சான்றிதழ். அதில் அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட வேண்டும், பக்கம் பக்கமாக, பிரெஞ்சுப் பிரதியிலும் சேர்த்து. அச்சின் நிறத்தில் கையெழுத்தும் முத்திரையும் இருக்கக்கூடாது என்று விதி. எங்கள் பக்கம் வரும் மருத்துவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று நீலப் பேனா இருக்கும். ஒரு சான்றிதழுக்கு 200 பவுண்ட் வரை ஆகும். சரக்கு வருகிறது என்று ஐரோப்பியக் கணினி அமைப்பில் முன்கூட்டியே பதிய வேண்டும். பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் இறங்கியதும் சோதனை நிலையம்.

மூன்று பேலட்டுக்காகத் தனி லாரி பிடிக்க முடியாது. அதனால் பத்துப் பேர் சரக்கு ஒரே லாரியில் போகும், ஷேர் ஆட்டோ மாதிரி. அதில் ஒருவர் காகிதத்தில் ஒரு எண் தப்பாக இருந்தாலும் பத்துப் பேர் சரக்கும் நிற்கும். எங்கள் சீஸ் ஒருமுறை அப்படித்தான் நின்றது. யாரோ ஒருவரின் சாஸேஜ் காகிதத்தில் பிழை. குளிர்பெட்டிக்கு வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. மனிதர் ஒன்றரை வருடம் அனுப்பிப் பார்த்தார், அப்புறம் பிரான்ஸே வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

2020 வரை இதே சீஸ் ஒரு இன்வாய்ஸோடு எங்கள் பக்கத் துறைமுகமான டோவரில் ஏறி கலேயில் இறங்கியது.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு இதுதான் பதில். இந்தக் காலத்தில் பணக்கார நாடுகளுக்கு இடையில் சுங்க வரி ஒரு பெரிய சுவரே அல்ல. விதிகள்தான் சுவர். உன் சீஸ் பாதுகாப்பானது என்று நான் ஏன் நம்ப வேண்டும், உன் மருந்தை நான் ஏன் மறுபடி சோதிக்கக் கூடாது, உன் ஊர் கணக்காளர் பட்டம் என் ஊரில் ஏன் செல்ல வேண்டும் என்ற கேள்விகளெல்லாம் சேர்ந்துதான் எல்லை. ஐரோப்பிய ஒற்றைச் சந்தை இந்தக் கேள்விகளை இல்லாமல் செய்தது. எல்லோருக்கும் ஒரே விதிப்புத்தகம், தகராறு வந்தால் ஒரே நீதிமன்றம். அந்தப் புத்தகத்திலிருந்து வெளியே வந்தால், நேற்று வரை அதே பண்ணையில் அதே முறையில் செய்த சீஸ் இன்று அந்நியச் சரக்கு. 2021 ஜனவரியில் நெதர்லாந்துத் துறைமுகத்தில் வந்திறங்கிய பிரிட்டிஷ் லாரி ஓட்டுநர்களிடமிருந்து ஹாம் சாண்ட்விச்சைக் கஸ்டம்ஸ்காரர்கள் பிடுங்கியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எல்லோரும் சிரித்தோம். இறைச்சியும் பாலும் கலந்த எதையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்பது பழைய விதி. பிரிட்டன் வெளிநாடாகிவிட்டது, அவ்வளவுதான் புதுசு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த விதிப்புத்தகத்தை எழுதச் சொன்னவர்களில் முதல் வரிசையில் நின்றது பிரிட்டன். ஒற்றைச் சந்தைக்கான திட்டத்தை 1985இல் தயாரித்தவர் காக்ஃபீல்ட் பிரபு. அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர், ஐரோப்பிய நிர்வாகத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பிய ஆள் அவர். நீக்க வேண்டிய தடைகள் என்று ஏறக்குறைய 300 நடவடிக்கைகளைப் பட்டியல் போட்டார். 1988 ஏப்ரலில் லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் தொழிலதிபர்களைக் கூட்டி வைத்து தாட்சர் அந்தச் சந்தையைத் தூக்கிப் பிடித்துப் பேசினார். கண்ணுக்குத் தெரியும் தடையும் தெரியாத தடையும் இல்லாத, 30 கோடிப் பேருக்கு மேல் உள்ள சந்தை வருகிறது, தயாராகுங்கள் என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் பேசும்போது, பிரஸ்ஸல்ஸிலிருந்து எங்களை ஆள ஒரு பேரரசு வேண்டாம் என்ற தொனியில் முழங்கினார். இரண்டுமே அவர்தான். சந்தை வேண்டும், அதை நடத்த அதிகாரம் கொண்ட ஒரு தலைமை மட்டும் வேண்டாம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. நாற்பது வருடமாக பிரிட்டனின் ஐரோப்பிய விவாதம் இந்த ஒரு பழமொழியைச் சுற்றித்தான் வருகிறது என்பது என் கருத்து.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957இல் இன்றைய ஒன்றியத்துக்கு அடித்தளம் போட்ட ரோம் உடன்படிக்கை கையெழுத்தானபோது பிரிட்டன் சேரவில்லை. பிறகு மனம் மாறி விண்ணப்பித்தது. 1963இலும் 1967இலும் பிரெஞ்சு அதிபர் டி கோல் முடியாது என்றுவிட்டார். தீவு நாடு, கடல் கடந்த உறவுகளைக் கட்டிக்கொண்டு அழுகிற நாடு, நமக்குச் சரிப்படாது என்பது அவர் வாதம். கிழவர் ரொம்பவும் தப்பாகச் சொல்லிவிடவில்லை என்று சில சமயம் தோன்றும். 1973 ஜனவரி 1 அன்று உள்ளே போனது. 1975இல் நடந்த முதல் பொது வாக்கெடுப்பில் 67 சதவீதம் பேர் உள்ளேயே இருப்போம் என்றார்கள். அப்போது உள்ளேயே இருப்போம் என்று பிரச்சாரம் செய்த தாட்சர், ஐரோப்பியக் கொடிகளைப் பின்னிய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற படம் இன்றும் சுற்றுகிறது.

அப்படியானால் 2016 ஜூன் 23 அன்று 51.9 சதவீதம் பேர் ஏன் வெளியேறலாம் என்றார்கள்? முட்டாள்தனம் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரஸ்ஸல்ஸுக்கு வாரத்துக்கு 35 கோடி பவுண்ட் அனுப்புகிறோம் என்று வெளியேறச் சொன்னவர்கள் பிரச்சாரப் பேருந்தில் எழுதிய கணக்கு தப்பு என்பது உண்மை. 1984இல் தாட்சர் வாதாடி வாங்கிய தள்ளுபடி பிரஸ்ஸல்ஸுக்குப் போகாமலேயே கழிந்துவிடும், அதைக் கழிக்காமல் எழுதினார்கள். ஆனால் அந்தப் பேருந்து மட்டுமே வாக்குகளை மாற்றியது என்றால் நம்ப முடியாது. இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் சண்டர்லேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவுக்குக் கார் விற்க இதுதான் வாசல் என்று சொல்லி நிசானை அங்கே கூட்டி வந்து, 1986இல் தாட்சரே தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். அங்கே தயாராகும் காரில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. அந்த ஊரில் 61 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றார்கள். கப்பல் கட்டும் தளமும் சுரங்கமும் போன ஊர் அது. போனதற்கு ஐரோப்பா காரணமில்லை. ஆனால் இருக்கிற நிலை அப்படியே தொடரட்டும் என்ற பெட்டியில் அவர்கள் ஏன் குறி போட வேண்டும்?

பாஸ்டன் வேறு கதை. அமெரிக்காவில் உள்ளது அல்ல, லிங்கன்ஷயரில் முட்டைக்கோஸ் வயல்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். நாட்டிலேயே அதிகமாக 75.6 சதவீதம் அங்கேதான். 2004இல் போலந்து, லித்துவேனியா உட்பட 10 நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, முதல் நாளிலிருந்தே அவர்களுக்கு வேலைச் சந்தையைத் திறந்துவிட்டவை மூன்றே நாடுகள்: பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன். ஜெர்மனி 2011 வரை கதவைச் சாத்தி வைத்திருந்தது. பிரிட்டனுக்கு வருடம் 5,000இலிருந்து 13,000 பேர் வரை வருவார்கள் என்று அரசுக்கு ஒரு மதிப்பீடு கொடுத்திருந்தார்கள். வந்தது அதைப் போல பல மடங்கு. வயலுக்கு ஆள் கிடைத்தது, பள்ளிக்கூடத்தில் இடமும் டாக்டரிடம் நேரமும் கிடைக்கவில்லை. வந்தவர்கள் கட்டிய வரி கஜானாவுக்குப் போனது, அந்தப் பணம் பாஸ்டனுக்குத் திரும்பி வரவில்லை. இது பிரஸ்ஸல்ஸின் குற்றமல்ல, லண்டனின் குற்றம். ஆனால் வாக்குச்சீட்டில் லண்டன் இல்லை.

வெளியேறுவது என்று முடிவான பிறகுதான் எப்படி வெளியேறுவது என்றே யோசித்தார்கள். 2017 ஜனவரியில் அதே லங்காஸ்டர் மாளிகையில் அப்போதைய பிரதமர் தெரசா மே பேசினார். ஒற்றைச் சந்தையிலும் இருக்க மாட்டோம், ஐரோப்பிய நீதிமன்றத்துக்கும் கட்டுப்பட மாட்டோம் என்றார். தாட்சர் விற்ற சரக்கை அதே கூடத்தில் திருப்பிக் கொடுத்தது மாதிரி இருந்தது. அந்த வருட டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமைப் பேச்சுவார்த்தையாளர் மிஷேல் பார்னியே ஒரு படம் காட்டினார். மாடிப்படி. மேல்படியில் முழு உறுப்பினர். ஒரு படி கீழே நார்வே, அப்புறம் ஸ்விட்சர்லாந்து, உக்ரைன், துருக்கி, கடைசியில் கனடாவும் கொரியாவும். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில், பிரிட்டன் வேண்டாம் என்று சொன்ன நிபந்தனை ஒன்று. ஆட்கள் சுதந்திரமாக வந்துபோகக் கூடாதா, நார்வே படி கிடையாது. வணிகக் கொள்கை உங்கள் கையில்தான் இருக்க வேண்டுமா, துருக்கி படி கிடையாது. இறங்கி இறங்கிக் கனடா படியில் வந்து நின்றார்கள். ஒரே ஒரு படம், ஆனால் அடுத்த மூன்று வருட நாடாளுமன்ற அமளியைவிட அதில் விஷயம் அதிகம்.

அயர்லாந்து எல்லைதான் அதில் அடங்காமல் போனது. பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை. வட அயர்லாந்து வன்முறையை முடித்த 1998 சமாதான உடன்பாட்டுக்குப் பிறகு அங்கே சோதனைச் சாவடி கிடையாது, மறுபடி வைக்க யாருக்கும் துணிவும் இல்லை. அதனால் சோதனையைக் கடலுக்கு நகர்த்தினார்கள். பிரிட்டனிலிருந்து பிரிட்டனின் இன்னொரு பகுதிக்குப் போகும் சரக்குக்குக் காகிதம்! 2023இல் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் பேசி முடித்த விண்ட்சர் ஏற்பாடு, வட அயர்லாந்திலேயே விற்கும் சரக்குக்குப் பச்சை வழி, குடியரசுக்குப் போகக்கூடியதற்குச் சிவப்பு வழி என்று பிரித்து ஓரளவு தணித்தது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் தயிர் டப்பாவில் 'நாட் ஃபார் ஈயூ', அதாவது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல, என்று அச்சடித்திருக்கும். பெல்ஃபாஸ்ட் கடைக்குப் போகிற டப்பா எல்லை தாண்டி டப்ளினுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த லேபிள் அது. கென்ட்டில் வாங்கிய தயிரிலும் இருக்கிறது.

நஷ்டம் எவ்வளவு? அரசுக்கே கணிப்புப் போட்டுத்தரும் சுயேச்சையான பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் சொல்வது இது: ஒன்றியத்தில் தொடர்ந்து இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய உற்பத்தித் திறனைவிட நீண்டகாலத்தில் 4 சதவீதம் குறைவாக இருக்கும். பொருளாதாரம் 4 சதவீதம் விழுந்துவிட்டது என்று இதை மாற்றிப் படிக்கிறவர்கள் உண்டு. அது அல்ல. நடக்காத ஒன்றோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு இது, நடுவில் கொரோனாவும் உக்ரைன் போரும் வந்து கலந்துவிட்டன. அதனால் தசமப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட நான் வரமாட்டேன். திசை எந்தப் பக்கம் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் சீஸ்காரர் மாதிரி ஆயிரக்கணக்கான சின்ன ஆட்கள் ஓசைப்படாமல் நிறுத்திவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். வங்கி, காப்பீடு, சட்டம், ஆலோசனை என்று சேவை ஏற்றுமதி பயந்த அளவுக்கு அடிவாங்கவில்லை, நன்றாகவே வளர்ந்திருக்கிறது. 2025இல் டிரம்ப் வரி போட்டபோது பிரிட்டனுக்கு 10 சதவீதம், ஒன்றியத்துக்கு 15 சதவீதம் என்று முடிந்தது. தனியாக இருந்ததால் கிடைத்த லாபம் அது. பசிபிக் நாடுகளின் வணிகக் கூட்டணியில் 2024 டிசம்பரில் சேர்ந்தார்கள். அதன் நீண்டகாலப் பலன் பொருளாதாரத்தில் 0.08 சதவீதம் என்று அரசே 2021இல் மதிப்பிட்டது. 2025 ஜூலை 24 அன்று இந்தியாவோடு கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு 0.13 சதவீதம். திருப்பூர்க்காரர்களுக்கு அது பெரிய விஷயம், பங்களாதேஷ் ஆடை வரியில்லாமல் வரும் சந்தையில் இத்தனை நாள் வரி கட்டி விற்றவர்கள் அவர்கள். பிரிட்டனுக்கோ, ஏற்றுமதியில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கும் பக்கத்து வீட்டோடு தொலைத்ததை இதை வைத்து ஈடுகட்ட முடியாது. பக்கத்தில் இருப்பவனோடுதான் வியாபாரம் அதிகம் நடக்கும். அதை எந்த ஒப்பந்தமும் மாற்றிவிடவில்லை.

குடியேற்றத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஐரோப்பியர்கள் வருவது குறைந்தது, சொன்னபடி. ஆனால் 2021இல் வந்த, தகுதிக்குப் புள்ளி போட்டு விசா தரும் முறையில் இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து நர்ஸுகள், முதியோர் பராமரிப்பாளர்கள், மாணவர்கள் என்று வந்து, 2023 நடுவில் முடிந்த ஓராண்டில் நிகரக் குடியேற்றம், அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்த கணக்கு, 9 லட்சத்தைத் தாண்டியது. ஒன்றியத்தில் இருந்தபோது ஒருநாளும் இல்லாத எண்ணிக்கை. கென்ட் தோட்டங்களில் ஸ்ட்ராபெர்ரி பறிக்க முன்பு ருமேனியாவிலிருந்து வந்தார்கள், இப்போது கிர்கிஸ்தானிலிருந்து ஆறு மாத விசாவில் வருகிறார்கள். நானும் இதே அலையில் வந்தவன்தான், அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இனி உங்கள் இரண்டாம் பாதி. திரும்பப் போய்ச் சேர வேண்டியதுதானே?

சுங்க ஒன்றியத்தில், அதாவது உள்ளுக்குள் வரி இல்லாமல் வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லோரும் ஒரே வரி போடும் ஏற்பாட்டில், மட்டும் சேரலாம் என்று லிபரல் டெமாக்ரட் கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். துருக்கி 1995 முடிவிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. பல்கேரிய எல்லையில் கபிகுலே என்ற இடத்தில் துருக்கி லாரிகள் நிற்கும் வரிசையைப் படத்தில் பாருங்கள். சுங்க ஒன்றியம் வரியையும் உற்பத்தி நாட்டுக் காகிதத்தையும்தான் நீக்கும், சீஸ் சான்றிதழை நீக்காது. அதோடு ஒன்றியம் வேறு நாட்டோடு ஒப்பந்தம் போட்டால் துருக்கியும் அந்த நாட்டுச் சரக்குக்கு வரியைக் குறைத்தாக வேண்டும், பதிலுக்கு அந்த நாடு துருக்கிக்குக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி இல்லாமல் முடிவுக்கு மட்டும் கட்டுப்படுவது. பிரிட்டன் போட்ட இந்திய ஒப்பந்தமும் அதில் அடிபடும்.

நார்வே வழி பொருளாதாரத்துக்கு நல்லது, அரசியலுக்குக் கசப்பு. ஒற்றைச் சந்தை கிடைக்கும். பணம் கட்ட வேண்டும், ஆட்கள் வந்துபோக விட வேண்டும், பிரஸ்ஸல்ஸில் எழுதும் விதியை வாக்களிக்காமல் ஏற்க வேண்டும். நார்வேயிலேயே இதை ஃபேக்ஸ் ஜனநாயகம் என்று கேலி செய்வார்கள், சட்டம் ஃபேக்ஸில் வந்து விழுகிறது என்று. சுமார் ஐம்பத்தைந்து லட்சம் பேர் உள்ள நாடு அதைத் தாங்கிக்கொள்ளும். லண்டன் மாதிரி நிதிச் சந்தை வைத்திருக்கும் நாடு வேறொருவர் எழுதும் நிதி விதிக்குத் தலையாட்டுமா என்பது எனக்குச் சந்தேகம்.

முழு உறுப்பினராக வேண்டுமென்றால் 27 நாடும் சம்மதிக்க வேண்டும். பழைய தள்ளுபடி கிடையாது. யூரோவை ஏற்பதாகக் காகிதத்திலாவது ஒப்புக்கொள்ள வேண்டும், ஸ்வீடன் அப்படி ஒப்புக்கொண்டு 1995இலிருந்து இழுத்தடிக்கிறது என்பது வேறு விஷயம். இதையெல்லாம்விடப் பெரிய தடை நம்பிக்கை. வெளியேறியது தப்பு என்று கருத்துக்கணிப்புகளில் பாதிக்கு மேல் சொல்கிறார்கள். ஆனால் டோவரில் 62 சதவீதம் பேர் வெளியேறச் சொன்ன எங்கள் கென்ட்டில், 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் வெளியேறச் சொல்லி முன்னின்ற நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி கவுண்டி கவுன்சிலையே பிடித்தது. இன்று சேர்த்துக்கொண்டால் அடுத்த தேர்தலில் மறுபடி போகிறோம் என்பார்களோ என்று பாரிஸிலும் பெர்லினிலும் யோசிக்க மாட்டார்களா?

அதனால்தான் கியர் ஸ்டார்மர் அரசு சில்லறையாக வாங்குகிறது. 2025 மே 19 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைவர்களான உர்சுலா ஃபான் டெர் லேயனும் அந்தோனியோ கோஸ்டாவும் லண்டன் வந்து பேசினார்கள். இடம் மறுபடியும் லங்காஸ்டர் மாளிகை. உணவு, தாவரம், கால்நடைப் பொருட்களுக்குச் சோதனையைப் பெருமளவு நீக்க ஒப்பந்தம் போடலாம் என்று முடிவானது. விலை: அந்தத் துறையில் ஐரோப்பிய விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாற வேண்டும், ஐரோப்பியச் சட்டத்தின் அர்த்தத்தில் தகராறு என்றால் கடைசி வார்த்தை ஐரோப்பிய நீதிமன்றத்துடையது. அதாவது சீஸ் வரைக்கும் பிரிட்டன் ஒரு நார்வே. தெரசா மே வேண்டாம் என்று சொன்ன அதே நீதிமன்றம். கூடவே ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரிட்டிஷ் கடலில் மீன் பிடிக்கலாம். பொருளாதாரத்தில் 0.1 சதவீதம் கூட இல்லாத மீன்பிடிப்பு ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கடைசி இரவு வரை இழுக்கிறது. ஆனால் ஐரோப்பாவும் இனாமாக எதையும் கொடுப்பதில்லை. ஒன்றியத்தின் 15,000 கோடி யூரோ ராணுவப் பாதுகாப்புக் கடன் நிதியில் சேர பிரிட்டன் பேசியது, நுழைவுக் கட்டணம் கட்டுப்படியாகாமல் 2025 நவம்பரில் பேச்சு முறிந்தது.

என்னைக் கேட்டால் அடுத்த பத்து வருடம் இப்படித்தான் போகும். துறை துறையாக, ஒவ்வொரு முறையும் இது திரும்பிச் சேர்வது அல்ல என்று சத்தியம் செய்துகொண்டே, விதியை ஏற்பார்கள். எழுதுகிற மேசையில் மட்டும் உட்கார மாட்டார்கள்.

உணவு ஒப்பந்தத்தை 2027க்குள் அமலாக்குவது அரசின் இலக்கு. வந்தால் சீஸ்காரர் மறுபடி பிரான்ஸுக்கு அனுப்பலாம் என்று போன மாதம் அவருக்கு போன் போட்டுச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் இப்போது இத்தாலியிலிருந்து எடுக்கிறாராம், பார்க்கலாம் என்றார். அந்த ஒப்பந்தம் வந்தால் எங்கள் அலுவலகத்தில் சுகாதாரச் சான்றிதழ் பார்க்கும் ஆறு பேருக்கு வேலை இருக்காது. அதில் ஒருவன் நான்.